கல் அறையில் ஓர் ஆமென்

வேன் நின்றபோது பகல் பதினொரு மணி. கப்பல் நாலரைக்குக் கிளம்பிவிடும் என்று வழிகாட்டி வில்பெர்த் மறுபடியும் நினைவூட்டினான். கெண்டக்கியில் ஒரு சிற்றூர்ச் சபையிலிருந்து வந்திருந்த, போதகர் ஹார்லன் உட்பட ஆறு பேரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய வெர்னாவுக்குக் காட்டுக்குள் இருந்த பழங்காலக் கோயில் இடிபாடுகளைப் பார்க்கும் ஆசையே இல்லை. காலையில் மேல்தளத்தில் பாட்டும் வேதபாடமும், மத்தியானம் நிம்மதியாக ஒரு தூக்கமும். அதற்குத்தான் அவள் இந்தக் கப்பலில் ஏறியது. தோழி ஈடித் விடவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு தூங்கவா போற? எழுந்திருடி," என்று வெர்னாவின் தொப்பியை எடுத்து அவள் தலையில் கவிழ்த்திருந்தாள்.

ஈடித் அப்படித்தான். பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பக்கத்து நாற்காலிக்காரி. வெர்னாவின் புருஷன் வீட்டைவிட்டுப் போன குளிர்காலத்தில், மூன்று மாதம் அவளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள். கப்பலிலும் இருவருக்கும் ஒரே அறை.

காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்திருப்பார்கள். மரங்களுக்கு நடுவே அந்தக் கல் மேடு படிப்படியாக எழுந்து நின்றது. பாதியை வேர்கள் விழுங்கியிருந்தன. எங்கோ குரங்குகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. சட்டென்று அவை ஓய்ந்தன. அடுத்த நிமிடம் மழை கொட்டியது.

ஒதுங்க இருந்தது மேட்டின் அடிவாரத்தில் ஒரு குட்டை வாசல் மட்டும். வில்பெர்த் தயங்கினான். வாசலோரம் நின்றால் போதும், உள்ளே போகவேண்டாம் என்றான். சாரல் உள்ளே அடித்தது. ஆளாளுக்கு உள்ளே நகர்ந்தார்கள்.

உள்ளே கூரைக் கற்கள் மேலே போகப்போக நெருங்கி ஒன்றாயின. ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் நாறின. போதகர் ஹார்லன் வழக்கப்படி கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினார்.

"ஆண்டவரே, இந்தக் கல்லின் நிழலில் எங்களை வைத்துக்கொள்ளும். உம் கையைவிட்டு ஒருவரும் விலகிப் போகாதபடி காத்துக்கொள்ளும்."

ஆமென் என்றார்கள் எல்லோரும்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, உள்ளிருட்டிலிருந்து இன்னொரு ஆமென் வந்தது. மெதுவாக. அந்தச் சொல்லை முதன்முதலாக நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல.

எதிரொலி என்று யாரோ சிரித்தார்கள். வில்பெர்த் சிரிக்கவில்லை.

மழைச்சத்தம் நின்றது. விட்டுவிட்டது போலிருக்கிறதே என்று வெர்னா திரும்பினாள்.

வாசல் இல்லை.

கைபேசி வெளிச்சத்தில் சுவர் முழுதும் தடவிப் பார்த்தார்கள். நாலு பக்கமும் கல்தான். அவர்கள் நுழைந்த இடத்தில், பல தலைமுறையாக ஒரு கையும் படாததுபோல் பாசி கறுத்திருந்தது. வழி திறக்கச் சொல்லிப் போதகர் உரக்க ஜெபித்தார். அதற்கு இருட்டு ஆமென் சொல்லவில்லை. அவர் மறுபடி ஜெபித்தார்.

வில்பெர்த் அவர் தோளைப் பிடித்தான். "போதும் ஐயா. இங்க எதையும் கேக்காதீங்க. நாம கேக்கறது யார் காதுல விழுதுன்னு தெரியல."

கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

காற்று கனத்தது. நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்ததுபோல் வெர்னாவுக்கு மூச்சு முட்டியது. ஈடித்தின் கை இருட்டில் தேடிவந்து அவள் கையைப் பிடித்தது.

"மெதுவா மூச்சு விடு. நான் இங்கதான் இருக்கேன்."

உள்ளே எங்கோ வெறுங்கால் ஒன்று கல்லில் தேய்ந்தது.

ஓர் அடி. பிறகு இன்னோர் அடி.

வெர்னாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. என்னை வெளியே விட்டுடு. வேற யாரையாவது வச்சுக்கோ.

"ஆமென்."

இந்த முறை காதோரம்.

ஈடித்தின் கை நழுவியது. ஒரு கணம்தான். திரும்பவும் வந்து பிடித்துக்கொண்டது.

கண்ணெதிரே வாசல் இருந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. விழுந்தடித்து வெளியே வந்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் சேற்றிலேயே முழங்காலிட்டார்கள். வில்பெர்த் எண்ணினான். ஆறு பேர். திரும்ப எண்ணினான். ஆறு பேர்தான்.

வேனருகே வெர்னாவைத் தனியே நிறுத்தி, "உள்ள யார் என்ன கேட்டீங்க?" என்றான்.

"யாரும் ஒண்ணும் கேக்கல."

அவன் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து ஏற்றிவிட்டான். ஈடித்தின் விரல் பட்டதும் கையை உதறி எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். துறைமுகம் வரும்வரை பின்னால் திரும்பவேயில்லை.

வழியில் வெர்னா ஈடித்தின் கையைத் தொட்டுப் பார்த்தாள். அத்தனை மழையில் நின்றவளின் கை காய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் சொரசொரத்தது.

கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது. போதகரிடம் சொல்லிவிடலாம் என்று வெர்னா இரண்டு முறை அவர் அறைவரை போனாள். சொன்னால், தான் கேட்டதையும் சொல்லவேண்டும். இரண்டு முறையும் கதவைத் தட்டாமல் திரும்பினாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கைகோத்துக்கொண்டார்கள். உயிரோடு திரும்பியதற்குப் போதகர் நீளமாக நன்றி சொன்னார். ஆமென் என்றார்கள். வெர்னாவுக்கு வாய் எழவில்லை. ஈடித்தும் சும்மா இருந்தாள். கைகள் பிரிந்தன, கரண்டிகள் தட்டில் சத்தமிடத் தொடங்கின.

அப்போதுதான் அது பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"ஆமென்."

இப்போது சொல் நன்றாகப் பழகியிருந்தது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. ஈடித் மட்டும் இன்னும் வெர்னாவின் கையை விடவில்லை. அந்தப் பிடிக்குள் விரல்களை அசைக்கக்கூட முடியவில்லை. சன்னலுக்கு வெளியே எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"நம்ம ரூமுக்குப் போலாமா?" என்றாள் ஈடித்.