தென்றலின் கட்டைவிரல் நகம்

கோ-கோ ஆட்டத்தில் தென்றலைத் தொட ஆளே கிடையாது. அப்படிப்பட்டவள் அன்று ஓடிய வேகத்தில் வழுக்கிப் பொத்தென்று விழுந்தாள்.

"சாக்ஸோட ஓடினா வழுக்காம என்ன செய்யும்?" என்றார் விளையாட்டு ஆசிரியை அம்புஜவல்லி. "எல்லாரும் வெறுங்காலோடதான ஆடுறாங்க? கழட்டு."

"அப்ப நான் டீம்ல இல்ல மிஸ்." தென்றல் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

"ரொம்பத் திமிரு!" என்றார்கள் தோழிகள். சண்முகப்ரியாவுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. விழுந்தபோதுகூட அழாதவள், சாக்ஸ் என்றதும் ஏன் கண் கலங்கினாள்?

மாலையில் தென்றலைத் தேடிப் போனாள். தென்றலின் அம்மா ஆராயி ஒரு செராமிக் பட்டறையில் பொம்மை வார்க்கிறார். பள்ளி விட்டால் தென்றலும் அங்கேதான் இருப்பாள். பட்டறை வாசலில் உட்கார்ந்து தென்றல் காலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"சிரிக்க மாட்டியே?"

கட்டைவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. சுற்றிலும் தோல் சிவந்திருந்தது. பக்கத்தில் கிராம்பு எண்ணெய் பாட்டில்.

"போன்ல ஒரு வீடியோவுல சொன்னாங்க. அப்படியே ஊத்திட்டேன். எரியுதுடி!"

"பச்ச மிளகாய யாராச்சும் அப்படியே மெல்லுவாங்களா? குழம்புலதான போடுவோம்? இந்த மாதிரி எண்ணெயயும் தேங்காயெண்ணெயில ஒரு சொட்டு கலந்துதான் தடவணும்னு எங்கம்மா சொல்லுவாங்க."

ப்ரியா சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து அந்தக் காலைக் கழுவினாள். சிவந்த தோலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினாள். எரிச்சல் அடங்கியது.

"இனிமே நாமளா எதையும் தடவ வேணாம். டாக்டர்கிட்ட காட்டலாம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே?"

"காய்ச்சல் வந்தா மறைச்சா வெப்ப? இதுவும் அப்படித்தான்."

மறுநாள் ஆராயி இருவரையும் அழைத்துப் போனார். டாக்டர் நகத்தைப் பார்த்தார். நுனியைக் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டுச் சொன்னார்.

"இது பூஞ்சை, பாப்பா. ஈரம்னா அதுக்குக் கொண்டாட்டம். கால் எப்பவும் நனையுதா?"

"பட்டறைத் தரையில எப்பவும் மண்ணுத் தண்ணி நிக்கும் சார். நனைஞ்ச சாக்ஸையே மறுநாளும் போட்டுக்குவேன்."

"அதான் விஷயம்! எண்ணெய் மட்டும் தடவினா இது போவாது. நான் தர்ற மருந்தைத் தினமும் போடு. கால நல்லாத் துடைச்சிக் காயவை. உன் நகவெட்டிய யாருக்கும் குடுக்காத. நகம் மெதுவாத்தான் வளரும், பொறுமையா இருக்கணும்."

தென்றலிடம் கேட்டுக்கொண்டு ப்ரியா ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. உடனே தென்றலைக் கூப்பிட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா! ஆறுற வரைக்கும் ஷூ போட்டுத் தனியா ஓடு. உன் எடம் உனக்குத்தான்."

பட்டறையில் நடக்க, ப்ரியா தன் அப்பாவின் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு தென்றல் நடந்தால் வாத்து நடப்பது போலவே இருக்கும். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. "போதும்டி, விட்டுடறேன்" என்று தென்றல் சலித்துக்கொண்டாள். ப்ரியா விடவில்லை. பிறகு ஒருநாள் நகத்தின் அடியில் மெல்லிய பிறைபோல இளஞ்சிவப்பு தெரிந்தது. மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய், வெட்ட வெட்டக் குறைந்தது. கோடை முடிந்து பள்ளி திறந்தபின் டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே வெறுங்காலோட ஓடலாம்" என்றார்.

திட்டக்குடியில் போட்டி. கடைசி நிமிடம். அவர்களுடைய விருத்தாசலம் அணியில் பிடிபடாமல் மிச்சமிருந்தது தென்றல் மட்டும்தான். விசில் ஊதும்வரை அவளைத் தொட முடியாவிட்டால் வெற்றி விருத்தாசலத்துக்கு.

"கோ! கோ!" என்று துரத்தினார்கள். தென்றல் புழுதி பறக்க ஓடினாள். ஒரு கை முதுகுப் பக்கம் வந்துவிட்டது. குனிந்தாள், காலை அழுத்தி ஊன்றிச் சட்டென்று திரும்பினாள். அந்தக் கை காற்றைத்தான் பிடித்தது.

விசில்!

முதலில் ஓடிப்போய் அவளைத் தூக்கியவள் சண்முகப்ரியா. அடுத்து அணி மொத்தமும் வந்து மொய்த்தது. அம்புஜவல்லி மிஸ்ஸுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் ஒருத்தியும் உட்காரவே இல்லை.