ஷேரிங்கில் இன்னொருவர்

பாராடாங் தீவிலிருந்து பஸ் பிடித்து, படகுக்குக் காத்துக் கிடந்து, சந்திரமோகன் குட்வில் எஸ்டேட் வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலையில் மகள் ராஜகுமாரி மெட்ராஸ் கப்பல் ஏறுகிறாள், காலேஜில் சேர. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஹாலில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அம்மாவின் வீடியோவைத் தன் லேப்டாப்புக்கு மாற்றித் தர வேண்டும்.

மனைவி ரூபா இறந்தது போன மழைக்காலத்தில். அவள் குரல் மிச்சமிருப்பது அந்த ஒரு வீடியோவில்தான். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பேசுவாள். கேமரா என்றால் வெட்கம். கடைசிவரை திரும்பவே மாட்டாள்.

சின்ன வேலைதான். ஆனால் அந்தச் சனியன் பிடித்த கம்ப்யூட்டருக்கு அது தெரிய வேண்டுமே. உப்புக் காற்றில் பென் டிரைவ் செருகும் இடமெல்லாம் துருவேறிப் போயிருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி வைஃபை ஷேரிங். அந்த வரிசை வீடுகளில் அது பழகிப்போன விஷயம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவரும் சினிமாப் படங்களையெல்லாம் தங்கள் லேப்டாப்பிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரில் கொட்டுவார்கள். நெட் செத்துப்போகும் நாட்களில் அக்கம்பக்கத்து வீடுகள் இதிலிருந்துதான் பார்க்கும். பாஸ்வேர்டு கிடையாது. "வர்றவங்க எடுத்துட்டுப் போகட்டுமே" என்று எல்லோருக்கும் திறந்து வைத்தவளே ரூபாதான்.

உள்ளறையிலிருந்து ராஜகுமாரி குரல் கொடுத்தாள். "அப்பா, பாதியில நின்னுடுச்சு."

திரையில் 'மெமரி போதவில்லை' என்று வந்து நின்றது. அவன் ஒவ்வொன்றாக மூடினான். தேவையில்லாததை அழித்தான். ஆஃப் செய்து ஆன் செய்தான். அது விழித்து எழுவதற்குள் ஒரு டீயே குடித்து முடித்துவிட்டான். மறுபடி பாதியில் நின்றது. மேஜையை ஓங்கிக் குத்தினான். கை வலித்ததுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு நாகராஜுக்குப் போன் போட்டான்.

"அரே, ஷேரிங்ல யாராவது உக்காந்திருப்பாங்க பாய்," என்றார் நாகராஜ். "லிஸ்ட்டப் பாரு. வேண்டாதவங்கள வெளிய தள்ளு. மெமரி தானா ஃப்ரீ ஆயிடும். அவ்ளோதான்."

பட்டியலைத் திறந்தான். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ராஜி, மகளின் லேப்டாப்.

இன்னொன்று ரூபா.

ரூபாவின் லேப்டாப் பீரோவில் கிடந்தது. பேட்டரி உப்பிப்போனதால் அதைக் கழற்றி எறிந்தவனே அவன்தான். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. ஏதோ பழைய பதிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தப் பெயரைத் துண்டித்தான்.

திரும்பி வந்தது.

மறுபடி துண்டித்தான். மறுபடி வந்தது. இந்த முறை பக்கத்தில், அந்தப் பெயர் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்பதும் தெரிந்தது. 'ராஜி முதல் நாள் ஸ்கூல்'. அடுத்து, 'ராஜி பிறந்தநாள்'. ஒவ்வொரு படமாகத் திறந்தது. அவசரமில்லாமல், ஒன்றைப் பார்த்து முடித்து அடுத்ததற்குப் போகிற மாதிரி.

வெளியே இருட்டிவிட்டது. இந்தத் தீவில் இருட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மீன் குழம்பு வாசனை வந்தது.

அன்று வீட்டில் யாரும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

"அப்பா," என்றாள் ராஜகுமாரி, தணிந்த குரலில். "சமைக்கிறீங்களா?"

அவனுக்குப் பயம் ஒருபக்கம், காலையில் கப்பல் ஒருபக்கம். நாளெல்லாம் அடக்கி வைத்த எரிச்சல் மொத்தமும் அந்த ஒரு பெயர் மேல் திரும்பியது.

"போயேன்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "போய்த் தொலையேன்."

எல்லோருக்கும் திறந்திருந்த அனுமதியை எடுத்தான். மகளுக்கு மட்டும் என்று மாற்றினான். ரூபாவைத் துண்டித்தான்.

பெயர் போயிற்று.

வாசனை நின்றது.

வாசல் கதவு தானாகத் திறந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"வந்துடுச்சுப்பா," என்றாள் மகள். "ஃபுல்லா காப்பி ஆயிடுச்சு."

காலையில் ஹாடோ துறைமுகத்தில் அவளை ஏற்றிவிட்டு வீடு திரும்பினான். செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது.

"அப்பா, கப்பல் கெளம்பிடுச்சு. சிக்னல் போயிடும், அதான் கூப்பிட்டேன்." அவள் குரல் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது. "வீடியோ பாத்தேன். அதுல அம்மா கடைசிவரைக்கும் திரும்ப மாட்டாங்கன்னு சொல்லுவீங்கள்ல?"

"ஆமா. ஏம்மா?"

"திரும்பிட்டாங்கப்பா."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்னையே பாக்கறாங்க. அழறாங்க. திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாங்க..."

"என்ன சொல்றா?"

சிக்னல் கரகரத்தது.

"'உங்கப்பா என்னை வெளிய தள்ளிட்டாரு'ன்னு சொல்றாங்கப்பா."

அதோடு லைன் அறுந்தது. அவன் கம்ப்யூட்டரிடம் ஓடி, அனுமதியை மறுபடி எல்லோருக்கும் திறந்தான். பட்டியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு பெயரும் வரவில்லை.

சாத்திய வாசல் கதவை வெளியிலிருந்து யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.