யார் செய்த கிண்ணம்?

முந்திரிக்குத் தலையே சுற்றியது.

கடையின் நடுவே அவளுடைய ஐந்து வயதுத் தம்பி ரயில் ஓட்டிக்கொண்டிருந்தான். வரிசையாகப் போட்ட நாற்காலிகள்தான் பெட்டிகள். அதுவரை சரி. ஆனால் அவன் கை நிறைய டிக்கெட்டுகள்!

"டேய் வாலு! இதையெல்லாம் எங்கேருந்துடா எடுத்தே?"

"மேசை மேல இருந்த சாமான்லேருந்து கழட்டினேன். டிக்கெட் இல்லாம ரயில்ல எப்படி ஏத்தறது?" என்றான் அவன், அவளுக்குத்தான் விவரம் போதாது என்பது போல.

எதற்கும் முந்திக்கொண்டு வந்து நிற்பதால்தான் அவளுக்கு முந்திரி என்று பெயர். காலையிலும் அப்படித்தான், "நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தாள். நன்றாகப் பார்த்துக்கொண்டாள்! அப்பாவோ பின்னறையில் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். இடி விழுந்தாலும் அவர் காதில் விழாது.

அது பல நாட்டுக் கைவினைப் பொருட்கள் விற்கும் கடை. கூடை, கம்பளி, கிண்ணம், மரக்கரண்டி என்று எல்லாமே கையால் செய்தவை. அன்று காலைதான் பன்னிரண்டு புதுப் பொருட்கள் வந்து இறங்கியிருந்தன. செய்தவர்கள் தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, தாங்களே கட்டி அனுப்பியிருந்தார்கள். அருங்காட்சியகத்துக்குப் பொருள் தேர்ந்தெடுக்க ஓர் அதிகாரி வருகிறார். அவரை அழைத்துவர அம்மா போயிருந்தாள்.

"உங்க பேர் இல்லாம உங்க பொருள் என் கடைப் படியைத் தாண்டாது" என்று பன்னிரண்டு பேருக்கும் அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது பன்னிரண்டு பொருளும் மொட்டையாக நின்றன. அம்மா வர அரை மணி நேரம்கூட இல்லை.

முந்திரிக்கு வந்த கோபத்தில் அவன் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். ஆனால் வாலுவின் உதடு பிதுங்கத் தொடங்கியிருந்தது.

"அழுது ஊரைக் கூட்டாதே. வா, எந்தச் சீட்டு எதோடதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாம்."

வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தான். "அக்கா, இந்தக் கயிறு குத்துது. அந்தக் கயிறு குத்தவே இல்ல."

முந்திரி வாங்கித் தடவிப் பார்த்தாள். குத்தியது கயிறே இல்லை, புல்! மேசைமேல் இருந்த கூடையும் அதே புல்லில் பின்னியதுதான்.

"அடேய், கெட்டிக்காரா! வேலையில மிஞ்சினதை வச்சே கட்டியிருக்காங்கடா!"

பிறகென்ன? நீலக் கம்பளி நூல் கம்பளியோடு சேர்ந்தது. தோல் வார் தோல் பையோடு சேர்ந்தது. மளமளவென்று பத்துச் சீட்டுகள் வீடு போய்ச் சேர்ந்தன.

மிச்சம் இரண்டு. இரண்டிலும் வெள்ளை நூல். பொருளும் இரண்டுதான், பழுப்பு நிற மண் கிண்ணங்கள். மண்ணைத் திரித்தா நூலாக்க முடியும்?

வாசல் மணி ஒலித்தது. அம்மாவும் அதிகாரியும் உள்ளே வந்தார்கள். முந்திரி எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அம்மாவின் முகம் வாடிப்போனது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு? ஏதாவது ஒண்ணுல ஒண்ணைக் கட்டிடு. பார்க்க வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"செஞ்சவங்களுக்குத் தெரியுமே!" என்றாள் முந்திரி.

அம்மா உடனே தன் கைபேசியை எடுத்து, மிச்சமிருந்த சீட்டுகளில் ஒன்றில் இருந்த எண்ணை வீடியோவில் அழைத்தாள்.

திரையில் முழங்கை வரை சேறு பூசிய ஒரு பெண் தெரிந்தார். அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. முந்திரி இரண்டு கிண்ணங்களையும் தூக்கிக் காட்டி, "எது?" என்று கண்ணாலேயே கேட்டாள்.

அவர் சிரித்தார். கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டி, கீழிருந்து மேலாக ஓர் அழுத்து அழுத்தினார். முந்திரி கிண்ணங்களைக் கவிழ்த்தாள். ஒன்றின் அடி வழவழவென்று இருந்தது. இன்னொன்றில் ஒரு சின்னக் குழி. அதில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். ஈர மண்ணில் ஒரு விரல் பதிந்த தடம்தான் அது.

"இதான்! இது இவங்களோடதுதான்!"

திரையில் ஒரே ஆரவாரம். அந்தப் பெண் போட்ட கூப்பாட்டில் அவர் வீடே ஓடிவந்து எட்டிப் பார்த்தது.

"இவ என் பொண்ணு" என்றாள் அம்மா அதிகாரியிடம். அவர் கேட்காமலேயே அதை இரண்டு முறை சொன்னாள்.

அதிகாரி சீட்டை வாங்கிப் பெயரை உரக்கப் படித்தார். தப்பு. திரையில் இருந்தவர் திருத்திச் சொன்னார். மறுபடி படித்தார். மறுபடியும் தப்பு. வாலு விழுந்து விழுந்து சிரித்தான். அதிகாரியும் விடுகிற ஆளாக இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகச் சொன்னார்.

இந்த முறை சரியாக வந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து நின்று, சேற்றுக் கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.