பன்னிரண்டாயிரம் இல்லைகள்

காலை ஆறு மணிக்கு யாழ்மொழி உப்பளத்து வரப்பில் ஏறி நின்றாள். கிழக்கே பார்த்தாள், தெற்கே பார்த்தாள், வடக்கே பார்த்தாள். மேற்கையும் விட்டுவைக்கவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து மூன்று குறிச்சொற்களை வானோடை என்ற வானிலைத் தளத்தில் இட்டாள்.

#அகஸ்தியம்பள்ளி #இல்லை #கண்ணால்

பகல் பன்னிரண்டுக்கு இன்னொன்று, மாலை ஆறுக்கு இன்னொன்று. பதினோரு வருடமாக இதே வேலை. மழை வந்தால் #பெய்தது என்பாள், வராவிட்டால் #இல்லை. வேதாரண்யத்தில் வராத நாள்தான் அதிகம். அதனால் அவள் பக்கத்தைத் திறந்து பார்ப்பவனுக்கு இல்லை, இல்லை, இல்லை என்றே கண் எட்டும்வரை ஓடும். யாழைப் பழித்த மொழியாள் என்ற ஊர் அம்மன் பெயரை நினைத்து அவளுக்கு யாழ்மொழி என்று வைத்த பெற்றோர், மகள் உலகத்துக்கே சலிப்பூட்டும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அவளைப் பின்தொடர்ந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள்.

அவள் கணவன் மறைச்செல்வன், ஆறுகாட்டுத்துறையில் படகு வைத்திருப்பவன், இதைக் கேலி செய்யாத நாளே கிடையாது. இருக்கிறதைச் சொல்ல ஊரே இருக்கிறது, இல்லாததைச் சொல்ல இவள் ஒருத்தி என்பான். அவளுக்கு அதில் கோபமில்லை. உப்புக்காரிக்கு மழை இல்லை என்பதுதான் நல்ல செய்தி. நல்ல செய்தியைச் சொல்ல வெட்கம் எதற்கு?

வானோடை விளையாட்டாகத் தொடங்கியதல்ல. இந்த 2073-இல் கடல் கொதித்த கஞ்சியைப் போலக் கிடக்கிறது. உப்புக் காலம், புயல் காலம் என்ற பாகுபாடெல்லாம் போய்விட்டது. ஆவணியிலும் புயல் வரும், மாசியிலும் வரும். அதுவும் பழைய காலத்துப் பெரும்புயல் அல்ல, முடிச்சுப் புயல். கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் திடீரென்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அகலம் ஓர் ஊர் அளவு, ஆயுள் மூன்று மணி நேரம். அதற்குள் ஒரு படகுக் கூட்டத்தையே விழுங்கிவிடும். செயற்கைக்கோளுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பஞ்சுப் பொதி. வயிற்றைப் பார்க்கிறவன் கீழே நிற்கிறவன்தான்.

எனவே கீழே நிற்கிறவர்களையே கருவியாக்கினார்கள். வானோடையில் வரும் ஒவ்வொரு இடுகையையும் நாடி என்ற கணிப்பான் படிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையோரம் முழுவதற்கும் நாடி பிடித்துப் பார்த்து, எங்கே முடிச்சு விழுகிறது என்று சொல்லும். ஹேஷ்டேக் மரபு எளிமையானது. முதல் குறி, உன் கால் நிற்கும் இடம். இரண்டாவது, நடப்பது என்ன. மூன்றாவது, எப்படித் தெரியும் என்பது. கண்ணால் பார்த்தால் #கண்ணால், பிறர் சொன்னால் #காதால். பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

இடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்லெடை உண்டு. சொன்னது சரியென்று பின்னால் தெரிந்தால் ஒன்று கூடும். பொய்யென்று தெரிந்தால் இருப்பதில் பாதி போகும். யாருக்கு எவ்வளவு எடை என்பது நாடிக்கு மட்டுமே தெரியும். தெரிந்தால் தலைக்கனம் வரும் என்று மறைத்து வைத்தார்கள். மறைத்தும் பயனில்லை. மக்கள் எடையை மறந்து, பின்தொடர்வோரை எண்ண ஆரம்பித்தார்கள். இடி இளமாறன் என்ற பெயரில் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு வானிலை பேசும் ஒருவருக்கு நாற்பது லட்சம் பேர். இல்லை என்று எழுதி யாருக்கு நாற்பது லட்சம் பேர் சேரும்? இல்லை என்ற குறியைப் போடுவதே மெல்ல வழக்கொழிந்தது.

அன்று பதினொன்று இருபதுக்கு அபாயச் சங்கு ஊதியது. யாழ்மொழி அப்போது வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாத்தியில் இருந்த ரெஜினா கைப்பேசியைப் பார்த்துவிட்டு, கோடியக்கரைக்கு நேர் கிழக்கே முடிச்சு விழுவதாக நாடி சொல்கிறது என்றாள். கடலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு படகுகளையும் வடக்கே திருப்பி, புஷ்பவனத்தில் கரையேற்றப்போகிறதாம்.

யாழ்மொழி தெற்கே பார்த்தாள். கோடியக்கரைப் பக்கம் வானம் கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது. வடக்கே பார்த்தாள். புஷ்பவனத்துக்கு மேலே ஒரு மேகத்தின் அடிவயிறு கறுத்து உள்ளே சுருண்டுகொண்டிருந்தது. பதினோரு வருடம் நாளுக்கு மூன்று முறை வானம் பார்த்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வானோடையைத் திறந்தாள். முப்பத்தோராயிரம் இடுகைகள். எல்லாம் #கோடியக்கரை #முடிச்சு #கண்ணால். எல்லாவற்றிலும் ஒரே காணொளி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனால், தலையில் இடி இளமாறன். அவர் பொய் சொல்லவில்லை. போன வருடம் இதே நாள், மறக்க முடியுமா என்று ஒரு வரி எழுதி, தன் பழைய காணொளியைப் பழைய குறிகளோடு மறுபடி போட்டிருந்தார். வரியைப் படிக்க யாருக்குப் பொறுமை? படத்தைப் பார்த்தார்கள். பார்த்தது கண்ணால்தானே என்று பகிர்ந்தார்கள். கோடியக்கரைக்காரர்களோ சங்கு ஊதியதும் சன்னலில்லாத காப்பகத்துக்குள் ஓடிப்போய், அங்கிருந்தபடி அதே காணொளியைப் பார்த்து, அவர்களும் கண்ணால் என்றே போட்டார்கள்.

மறைச்செல்வனை அழைத்தாள். உடனே இணைப்புக் கிடைத்தது.

"என்னங்க, வடக்க போவாதீங்க. அங்கதான் சுருளுது. நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

"எனக்கும் தெரியுது, யாழு. எதுக்கால கறுத்துக்கிட்டு நிக்கிது." அவன் குரல் நிதானமாக இருந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "சுக்கான் என் கையில இல்ல. சங்கு ஊதுனப்பவே நாடி பூட்டிடுச்சு."

அதுவும் சட்டம்தான். முன்பொரு முறை சங்கு ஊதியபோது ஆளுக்கொரு பக்கம் படகை ஓட்டி, இருட்டில் மோதி மாண்டார்கள். அதன் பிறகு அபாய நேரத்தில் படகுகளின் சுக்கான் நாடியிடம் போய்விடும். படகில் இருப்பவர்களுக்கு இடுகை போடவும் அப்போது வழியில்லை. நாடியிடம் யாரும் கெஞ்ச முடியாது, அதட்ட முடியாது. குறிச்சொல்லால் மட்டுமே பேச முடியும். படகுகள் புஷ்பவனம் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

ரெஜினா வழி சொன்னாள். "இங்கேருந்தே கோடியக்கரைன்னு போட்டு, இல்லன்னு அடிச்சு வுடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

யாழ்மொழியின் விரல் திரைக்கு மேல் நின்றது. அவள் மனமும் அதைத்தான் சொன்னது. ஆனால் தெற்கே எட்டு கிலோமீட்டர். நடுவில் காடு. காட்டுக்கு அப்பால் கடல்மட்டத்தில் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து அவள் கண் பார்க்கவில்லை. பார்த்ததாக மனம்தான் நினைத்துக்கொண்டிருந்தது. முப்பத்தோராயிரம் பேர் செய்ததும் அதுவேதான்.

"என் காலு இங்கதானே நிக்கிது" என்றாள். "வண்டிச் சாவியைக் குடு."

அம்பாரத்தின் மேல் தார்ப்பாய் போடக்கூட நிற்கவில்லை. ரெஜினாவின் மின்வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே பறந்தாள். நாலு மாத உப்பு வெட்டவெளியில் கிடந்தது. எதிரே காப்பகத்துக்குப் போகும் வண்டிகள் ஒன்றிரண்டு வந்தன. முடிச்சை நோக்கிப் போகிறாளே, புத்தி பிசகிவிட்டதா என்று ஒருவர் கத்தினார். அவள் திரும்பவில்லை. காட்டுச் சாலையில் வெளிமான் ஒன்று குறுக்கே நின்று, அவள் வரும்வரை பார்த்துவிட்டு, சாவகாசமாக நகர்ந்தது. மானுக்கு வானோடை கிடையாது. அது வானத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தது.

பன்னிரண்டடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது கோடியக்கரை மணலில் கால் வைத்தாள். ஓர் ஆள் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. கிழக்கே பார்த்தாள், தெற்கே பார்த்தாள், வடக்கே பார்த்தாள். அவசரம்தான், ஆனாலும் மேற்கையும் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

#கோடியக்கரை #இல்லை #கண்ணால்

அனுப்பிவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தோராயிரத்துக்கு எதிரே ஒன்று. வெள்ளத்துக்கு நடுவே ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டு அது நிற்கும் என்று நினைக்கிறாளே, பைத்தியக்காரி. மறைச்செல்வனின் முகம் நினைவுக்கு வந்தது. காலையில் அவன் கேலிக்குப் பதில் சொல்லாமல் சோற்றுத் தூக்கை நீட்டியது நினைவுக்கு வந்தது. வாய்விட்டு அழுதாள்.

பன்னிரண்டு மணிக்கு நாடி பிடித்துப் பார்த்தது.

சங்கு நின்றது.

கைப்பேசி அதிர்ந்தது. அவளுடையது மட்டுமல்ல, நாகை முதல் கோடியக்கரை வரை ஒவ்வொரு கைப்பேசியும். கோடியக்கரை முடிச்சு உறுதியாகவில்லை. எல்லோரும் வெளியே வந்து, தங்கள் வானத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான் செய்தி. புஷ்பவனத்தில், காணொளியில் மூழ்கியிருந்தவர்கள் வாசலுக்கு வந்து அன்றைக்கு முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார்கள். நிமிர்த்தியவர்கள் அலறிக்கொண்டு இட்டார்கள்: #புஷ்பவனம் #முடிச்சு #கண்ணால். இருபது, ஐம்பது, இருநூறு. நாடி அடுத்த பத்து நிமிடத்துக்குக் காத்திருக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு சுக்கான்களும் ஒரே நேரத்தில் தெற்கே திரும்பின.

பின்னால் முடிச்சு விழுந்தது. புஷ்பவனத்துக்குக் கிழக்கே கடல் எழும்பி அடித்த அடியில், படகுகள் சேரவேண்டியிருந்த இறங்குதுறை துண்டுதுண்டாகப் போனது. ஊர் மக்கள் காப்பகத்துக்குள் போய்விட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. படகுகளோ சித்திரை வெயில் மாதிரி அடித்த வெயிலில் கோடியக்கரை மணலில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. யாழ்மொழி எண்ணினாள். எழுபதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிப்போனது. எண்பதாவதோ தொண்ணூறாவதோ படகிலிருந்து மறைச்செல்வன் இறங்கி வந்தான்.

சோற்றுத் தூக்கைத் திருப்பிக் கொடுத்தான். காலியாக இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

அபாயம் நீங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் தன் முடிவுக்கான காரணத்தை, அப்போது மட்டும் எடைக் கணக்கோடு, நாடி வெளியிட வேண்டும் என்பது விதி. மணலில் கூடியிருந்த எல்லோரும் அதைப் படித்தார்கள். அடிக்கடி கேட்டதையே கண்டதாகச் சொல்லிப் பாதிப்பாதியாக எடையிழந்தவர்கள் முப்பத்தோராயிரம் பேர். அவர்கள் எடையின் கூட்டுத்தொகை ஒன்பதாயிரத்து அறுநூற்று இரண்டு. அகஸ்தியம்பள்ளி யாழ்மொழி ஒருத்தியின் எடை பன்னிரண்டாயிரத்து நாற்பத்தொன்று. ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆயிரம் பேருக்குக் குறையாமல் நின்றிருந்த கூட்டம் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆறுகாட்டுத்துறை வரை போயே தீருவேன் என்றது. அவள் தன் காலால் நடந்து வருவதாகச் சொல்லிப் பார்த்தாள், கேட்கத்தான் ஆளில்லை.

மாலையில் உப்பளத்துக்குப் போனபோது, முடிச்சின் ஓரம் அங்கும் ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ரெஜினா தன்னுடையதை மூடிவிட்டு ஓடிவருவதற்குள், யாழ்மொழியின் அம்பாரத்தில் பாதி கரைந்துவிட்டிருந்தது. ரெஜினாவின் கண்ணில் நீர் முட்டியது. யாழ்மொழிக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்தது, நாலு மாத உழைப்பு. தூறல் இன்னும் விட்டபாடில்லை. மணி ஆறாகியிருந்தது. நெற்றியில் விழுந்த துளியைத் துடைத்துவிட்டு எழுதினாள்.

#அகஸ்தியம்பள்ளி #பெய்தது #கண்ணால்

அதற்கு இரண்டு லட்சம் பேர் கைதட்டினார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இளமாறன் தன் நாற்பது லட்சம் பேரிடமும் மன்னிப்புக் கேட்டு, இனித் தன் வானத்தை மட்டும் பார்ப்பதாக எழுதி, கீழே #திருச்சி #இல்லை #கண்ணால் என்று போட்டிருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணி. மறைச்செல்வன் விடிவதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தான். யாழ்மொழி வரப்பில் ஏறினாள். கிழக்கே, தெற்கே, வடக்கே, மேற்கே. எழுதுவதற்காக வானோடையைத் திறந்தவளுக்குத் திரை நிரம்பிக் கிடந்தது. ஏதோ அபாயமோ என்று நினைத்தாள். படித்தாள்.

#பத்துப்பாகம் #இல்லை #கண்ணால்
#பதினொருபாகம் #இல்லை #கண்ணால்
#ஏழுபாகம் #இல்லை #கண்ணால்

பாகக் கணக்கில் ஆழம் சொல்லி, அவரவர் படகு நிற்கும் இடத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படகுக்காரர்களும் இட்டிருந்தார்கள். இன்றைக்கு எதுவும் இல்லை என்று, கடல் முழுவதும். அதுவரை அந்தக் கடலில் இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. நாடியின் வரைபடத்தில் இத்தனை காலம் வெறும் சாம்பல் நிறமாகக் கிடந்த கடற்பரப்பு முதன்முறையாகத் துலங்கி, ஆறுகாட்டுத்துறையிலிருந்து அடிவானம் வரை நீலமாக விரிந்திருந்தது. பத்துப்பாகத்திலிருந்து முதலில் இட்டவன் மறைச்செல்வன்.

இல்லாததைச் சொல்ல இவள் ஒருத்தி என்றவன். யாழ்மொழி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வானத்தை இன்னொரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, இருநூற்றுப் பதின்மூன்றாவதாகத் தன்னுடையதை இட்டாள்.