ஒட்டின் மேல் வட்டங்கள்

கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் அடிவயிற்றில், பிய்ந்துபோன ஒட்டை உளியால் நெம்பிக்கொண்டிருந்தாள் பரிசோதகரின் உதவியாளர். முந்தாநாள் நடு ஆற்றில் அது திறந்துகொண்டது. ஆறு பேர் நீந்திக் கரையேறினார்கள். ஒட்டுப் போட்ட மேஸ்திரிக்கு இன்று மாலையோடு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"சீக்கிரம்மா," என்றார் பரிசோதகர், வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தபடி. இந்த வாரத்தில் அவர் சோதிக்கும் மூன்றாவது படகு. முதுகு விண்ணென்று தெறித்தது. காலையில் பல் துலக்கும் முன்பே அவர் வீட்டு வாசலில் வந்து நின்றவள் மேஸ்திரியின் மனைவி. 'முப்பது வருஷம் சார். அவர் கை தப்பு பண்ணாது.' அவளும் இப்போது, சேலைக்கு மேல் சட்டை போட்டபடி, பட்டறை மூலையில் நின்றாள்.

ஒட்டு கையோடு வந்தது. உதவியாளர் வெள்ளைப் பூச்சைச் சுரண்டினாள்.

"கலவை கல்லா இறுகியிருக்கு சார். ஆனா நடுவுல காகிதம் மாதிரி மெலிசு. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சே கொன்னிருக்காங்க. வட்டம் வட்டமா, பாத்திரம் துலக்கின மாதிரி."

"நான்தாங்க தேய்ச்சேன்," என்றார் முதலாளியின் பக்கத்தில் நின்ற மேஸ்திரி.

"கேட்டீங்களா?" என்றார் முதலாளி.

பரிசோதகர் பக்கத்துப் படகைக் காட்டினார். "அதுவும் இவர் தேய்ச்சதுதான். எல்லாம் நேர்க்கோடு. அதோட, ஃபைபர் தூசி பழகாத கையைத்தான் அரிக்கும். மேஸ்திரி கை சுத்தமா இருக்கு. ஆனா இந்த வெயில்ல முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு, காலையிலேருந்து சொறிஞ்சுக்கிட்டிருக்கறது..."

அவர் முடிக்கவில்லை. மேஸ்திரியின் மனைவி சட்டைக் கையை மடக்கினாள். முழங்கைவரை செக்கச் செவேலென்று தடித்திருந்தது.

"அவருக்குக் கண்ணு மங்கிட்டு வருதுங்க. ஒட்டு மேடு மேடா இருந்துச்சு. முதலாளி, நீங்க பார்த்தா வேலையை விட்டு அனுப்பிடுவீங்கன்னு, அவர் மத்தியானம் கண்ணசந்தப்போ நான்தான் வழவழன்னு தேய்ச்சு, மேல வெள்ளையும் பூசினேன். இவ்வளவு ஆகும்னு தெரியாது. வெந்நீர்ல கழுவிக் கழுவிப் பார்க்கறேன், அரிப்பு போகல."

முதலாளி பிய்ந்த ஒட்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், "முதல்ல கண்ணுக்குக் கண்ணாடி போடுய்யா. போட்டுட்டு வேலைக்கு வா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரிசோதகர் முதுகைப் பிடித்தபடி எழுந்தார். பின்னால் மேஸ்திரியின் குரல் தணிந்து கேட்டது.

"வெந்நீர் ஊத்தினா தூசி உள்ள இறங்கும். பச்சைத் தண்ணிதான் ஊத்தணும்."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, படகு முழுகின அன்னிக்கு உன் கையைப் பார்த்தப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிடுமே."