மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்

கார் பட்டறைக்குள் வந்து நின்றதும் மெக்கானிக்கின் தங்கை பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அவன் மனதை முதலில் உறுத்தியது அதுதான். கல்யாணமான நாளிலிருந்து முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் அவள். மாமியாரையே பின்னால் உட்கார வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டவள். இன்று முன்சீட்டு காலியாகக் கிடக்க, மாப்பிள்ளை கூலிக்கு வந்த டிரைவர் மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ தகராறு என்று நினைத்தான். கை நீட்டியிருப்பாரோ? மாப்பிள்ளையும் அதற்கேற்ற மாதிரி திருட்டு முழி முழித்துக்கொண்டுதான் இறங்கினார்.

"வண்டிக்கு என்ன மாப்பிள்ளை?"

"மிஸ்ஸிங் மச்சான்."

"எப்போலேர்ந்து?"

"மலை ரோட்டுல ஒரு இடத்துல நிறுத்தினோம். இவ இறங்கிப் போனா. திரும்பி வந்து பின்னாடி ஏறிக்கிட்டா. அப்போலேர்ந்துதான் மிஸ்ஸிங். நல்லாப் பாருங்க மச்சான்."

பார்க்காமல் என்ன, அதுதானே பிழைப்பு. சிலிண்டர் ஒன்று சரியாக எரியாமல் விட்டு விட்டு உதறினால் அதற்கு மிஸ்ஸிங் என்று பெயர். பட்டறையில் நாள் முழுக்கப் புழங்கும் வார்த்தை. ஆனால் மாப்பிள்ளை அதைச் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. உதட்டை அசைக்காமல், கண்ணை அவள் பக்கம் திருப்பாமல் சொன்னார்.

"நீ எப்படி இருக்கே?" என்று தங்கையிடம் கேட்டான்.

"நல்லா இருக்கேன் அண்ணா."

வாய் நிறைய 'ஸ்பானரு' என்று கூப்பிட்டு மானத்தை வாங்குகிறவள், இன்று அண்ணா என்றாள். ஒர்க்‌ஷாப் விளக்குக்குக் கீழே போய், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தமும், கருகிய ஆயில் வாடையும், அதற்கு அடியில் அவள் பக்கமிருந்து வந்த ஈர மண் வாடையும் சேர்ந்து, பொழுது சாய்வதற்குள்ளேயே பட்டறையை இருட்டாக்கிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினான். மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங் என்று திரையில் எரர் கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வந்தது. அவன் வழக்கம், மூன்றாவதில் தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டுவது. காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு முதலாவதுக்குப் போகும். மாட்டினான், ஸ்கேனர் பட்டனை அழுத்திப் பழைய எரர் கோடை அழித்தான், ஸ்டார்ட் செய்தான். மறுபடியும் மூன்றாவதுதான். பிளக்கை மாற்றினான், அழித்தான். மூன்றாவது. இன்ஜெக்டரை மாற்றினான், அழித்தான். மூன்றாவதேதான்.

ஒன்று மட்டும் நடந்தது. ஒவ்வொரு முறை அழித்தபோதும் உதறல் கொஞ்சம் குறைந்தது. முதலில் வண்டியையே குலுக்கியது, இப்போது யாரோ உள்ளேயிருந்து கதவை மெல்லத் தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. நம் கைராசி அப்படி என்று அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இன்னொரு தடவை அழிச்சுப் பாரு அண்ணா," என்றாள் தங்கை.

அவளுக்கு எப்படித் தெரியும்? பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்றே தெரியாதவள். மாப்பிள்ளை சட்டென்று, "வேண்டாம் மச்சான்," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. எதை மறைக்கிறான் இந்த மனுஷன்? சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிடலாமா என்று அவனுக்குக் கோபம் பொங்கியது.

அப்போதுதான் காருக்குள் பெல்ட் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அது. ஸ்கேனரில் சீட் சென்சாரைப் பார்த்தான். முன்சீட்டில் ஆள் உண்டு என்றது. சென்சார் மக்கர் பண்ணுகிறது, வேறென்ன. பின்சீட்டையும் பார்த்துவிடலாம் என்று அவளை ஏறி உட்காரச் சொன்னான். மறுக்காமல் ஏறி உட்கார்ந்தாள். ஸ்பிரிங் முனகவில்லை. வண்டி அவள் பக்கம் இம்மிகூடத் தாழவில்லை.

பின்சீட்டு காலி என்றது ஸ்கேனர்.

அலாரத்தின் வாயை முதலில் அடைப்போம் என்று முன்சீட்டின் மேல் குனிந்தான். சீட்டு வெதுவெதுப்பாக இருந்தது. மேல்துணியில் தங்கை வழக்கமாகத் தேய்க்கும் எண்ணெய் வாடை. காலிச் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்துப் பூட்டினான். அலாரம் நின்றது.

பெல்ட் படியவில்லை.

சீட்டில் தட்டையாகக் கிடக்க வேண்டிய பட்டை காற்றில் வளைந்து நின்றது. தோளிலிருந்து மார்புக்கு. மார்பிலிருந்து இடுப்புக்கு. ஒரு ஆளைச் சுற்றி நிற்கிற மாதிரி. எஞ்சின் ஒரு முறை உதறியது. பட்டை மேலே எழும்பியது. மறுபடி உதறியது. மறுபடி எழும்பியது.

மூச்சு.

மாப்பிள்ளை அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் வண்டியச் சொல்லல மச்சான்."

மிஸ்ஸிங்.

அவனுக்கு இப்போது புரிந்தது. இந்த மனுஷன் வந்ததிலிருந்து பின்னால் ஏறி வந்தவளுக்குப் புரியாத மாதிரி, தங்கையைக் காணோம் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தன் காதில் பட்டறை வார்த்தையாகவே விழுந்து தொலைத்திருக்கிறது. அழித்தோமே. ஒவ்வொரு முறையும் நாமே அவளை அழித்தோமே. உதறல் குறைகிறது என்று பெருமை வேறு.

"பாப்பா," என்றான் காலிச் சீட்டைப் பார்த்து. சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட பெயர். "பாப்பா, நான்தான்டி."

எஞ்சின் பலமாக உதறியது. பட்டை அவன் பக்கம் சாய்ந்தது.

ஸ்கேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இதை இனி யாரும் தொடக் கூடாது. வயரைப் பிடுங்கிவிட வேண்டும். இப்போதே.

பின்சீட்டைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

கழுத்தருகே ஈர மண் வாடை. அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. தங்கையின் வளையல். தங்கையின் விரல். சில்லென்ற அந்த விரல், அழிக்கும் பட்டனில் இருந்த அவன் கட்டைவிரலின் மேல் படிந்து அழுத்தியது.

கோடு அழிந்தது.

எஞ்சின் ஓடியது. உதறலே இல்லை. புது வண்டி போல, அத்தனை சீராக. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரியாயிடுச்சு," என்றது அவன் காதோரம் தங்கையின் குரல். "கிளம்பலாம் ஸ்பானரு."

அவன் திரும்பவில்லை. முன்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பூட்டியிருந்த பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, தோளிலும் மார்பிலும் வளைவு இழந்து, சீட்டின் மேல் தட்டையாகப் படிந்தது.