கிணற்றின் மேல் பச்சை

ஏழாம் எண் ஓவியத்தின் முன்னால் மட்டும் ஈர மண் வாசனை அடித்தது. வண்ணம் காய்ந்து மூன்று மாதமாகியிருந்தது; மற்ற படங்களிடம் போனால் வார்னிஷ் நெடி லேசாக வந்தது, அவ்வளவுதான். அதை வரைந்தவள் குனிந்து சுவரின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தாள். ஒழுகல் எதுவும் இல்லை. விரலில் சுண்ணாம்புத் தூள்தான் ஒட்டியது.

அது அவளுடைய முதல் தனிக் கண்காட்சி. மொத்தம் இருபத்திரண்டு நிலக்காட்சிகள், ஒன்றுகூட உலகத்தில் உள்ள இடம் இல்லை. ஊதாக் குன்றுகள், பால்போல வெளுத்த ஏரி, வேரை வானத்துக்குக் காட்டி நிற்கும் மரங்கள். எதிலும் மனிதர்கள் கிடையாது.

வாசலில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த தங்கை அவளைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, உன் படத்தையே மோந்து பாக்குற? பாதிப் பேரு ஏசிக்காகத்தான் உள்ள வராங்க. அவங்களையும் பயமுறுத்திடாத."

அவள் சிரித்தாள். வாசனை மட்டும் போகவில்லை.

நாலு மணிக்கு ஒருவர் வந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய நரை. மற்ற எந்தப் படத்தையும் பார்க்காமல் நேராக ஏழாவதன் முன்னால் போய் நின்றவர், வெகுநேரம் கழித்து அவளிடம் திரும்பினார்.

"கிணறு எங்கம்மா?"

"எந்தக் கிணறு?"

"இந்த மேட்டுக்கு இடப்பக்கம். கல்லு வெச்சுக் கட்டினது."

அவள் படத்தின் இடப்பக்கத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு கிணற்றை வரைந்திருந்தாள். முடித்த அன்றே, அறையின் எந்த மூலையில் போய் உட்கார்ந்தாலும் அதன் கறுப்பு தன்னையே பார்ப்பதாகத் தோன்ற, பொறுக்க முடியாமல் புல்லின் பச்சையை வண்ணம் பூசும் கத்தியால் அள்ளி மூன்று தடவை அப்பி மறைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம்கூட.

"இதெல்லாம் கற்பனைங்க. அப்படி ஒரு இடமே இல்ல."

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "மூடறதுக்கு முன்னாடி, உள்ள யாராச்சும் இருக்கீங்களான்னு ஒரு குரல் குடுத்திருக்கலாமேம்மா."

அதற்குள் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள். காய்கறிப் பையோடு ஒரு பெண். அலுவலக அடையாள அட்டையைக் கழற்றாத இரண்டு பேர். பிறகு இன்னும் நாலைந்து பேர். வந்தவர்கள் எல்லோரும் ஏழாவதன் முன்னால்தான் நின்றார்கள். ஏசியின் முனகல். அதற்கும் அடியில், எங்கோ ஆழத்தில், தண்ணீர் சொட்டும் சத்தம்.

பிறகு சுரண்டும் சத்தம்.

பெரியவர் நகத்தால் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஐயோ, விடுங்க!" என்று கத்த நினைத்தாள் வரைந்தவள். தங்கைதான் எழுந்து ஓடினாள்.

"சார், படத்தைத் தொடாதீங்க! உங்களைத்தான் சொல்றேன்!"

கூட்டத்துக்குள் புகுந்தாள். கூட்டம் மூடிக்கொண்டது.

முதுகுகள். முதுகுகள் மட்டும். தரையில் பச்சைச் செதில்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. சட்டென்று சுரண்டல் நின்றது.

கூட்டம் விலகியது. தங்கை வெளியே வந்தாள். அக்காவின் பக்கத்தில் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் வரிசையாக வெளியேறினார்கள், வந்த வேலை முடிந்தது போல. கடைசியாகப் போன பெரியவர் கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

கூடத்தில் இப்போது இரண்டே பேர்.

படத்தில் கிணறு திறந்திருந்தது.

பிடித்திருந்த கை சில்லென்று இருந்தது. ஈரம். விரல்களுக்கிடையே ஏதோ வழுவழுப்பு. பாசி.

படத்துக்குள்ளிருந்து, வெகு கீழேயிருந்து, கல்லில் மோதி மோதி ஏறி வந்தது ஒரு குரல்.

"அக்கா."

தங்கையின் குரல்.

"அக்கா, நான் இங்க இருக்கேன். கையக் குடுக்கா. அக்கா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பிடி இறுகியது.

"பச்சை பூசிடுக்கா," என்றது பக்கத்தில் நின்றது. "சீக்கிரம்."